ஏறிய கமலாவும் ஏறாத கமலாவும்

“தம்பி, பொம்பளைங்க பேரெல்லாம் ஏறிடுச்சு. ஆம்பளைங்கதான் ஏற மாட்டேங்குறாங்க” என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அப்படிச் சிரித்ததை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. அவர் எங்கள் ஊர் வாசகசாலையின் பொறுப்பாளர். உறவில் அண்ணன் இல்லை, ஊருக்கே அண்ணன். வாசகசாலையின் 640 உறுப்பினர்களை ஒரு தரவுத்தளத்தில் ஏற்றுவதற்கான கோப்பை நான் சென்னையிலிருந்து தயாரித்து அனுப்பியிருந்தேன். அதைத் தம் கணினியில் ஓட்டிப் பார்ப்பது மட்டுமே அவர் வேலை. என் கணினியில் ஒரு வரி பிசகாமல் 640 பெயர்களும் ஏறியிருந்தன. அவர் கணினியில் ஏறியவை 151. என்னிடம் இருந்த இயங்குதளம் உபுண்டு, அவரிடம் இருந்தது விண்டோஸ். மற்றபடி இரண்டு பக்கமும் போஸ்ட்கிரெஸ் என்ற அதே தரவுத்தள மென்பொருள், அதே பதிப்பு, அதே கோப்பு, அதே பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைக் கருவி.

தரவுத்தளங்களை வைத்தே பல வருடங்களாகப் பிழைப்பு நடத்துகிறவன் நான். அன்று அவரிடம் நான் சொன்னது இதுதான்: “விண்டோஸ்ல அப்படித்தாண்ணே, நான் அப்புறம் பாக்குறேன்.” அந்தப் பதிலில் விளக்கம் என்று எதுவும் இல்லை, பழி மட்டுமே இருந்தது. பிரச்சினை தீர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் ஒரே கருவி இரண்டு இயங்குதளங்களில் இரண்டு விதமாக நடந்துகொண்டபோது அது யாருடைய பிழை என்ற கேள்வியும், அதற்கு அன்று நான் அவ்வளவு சுலபமாகச் சொன்ன பதிலும் என்னை விட்டபாடில்லை.

நடந்ததைக் கொஞ்சம் வரிசையாகச் சொல்ல வேண்டும். வாசகசாலையில் சிவப்புத் துணி முதுகு கொண்ட பதிவேடு ஒன்று உண்டு. அதில் உறுப்பினர் எண், முன்னெழுத்தோடு பெயர், சேர்ந்த தேதி ஆகியவற்றை அண்ணன் கையால் எழுதி வைத்திருந்தார். பள்ளி விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் இரண்டு பேர் அதைக் கணினியில் தட்டச்சு செய்தார்கள். நான் அதை வாங்கி, ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனியாக, பெயரைத் தரவுத்தளத்தில் சேர்க்கச் சொல்லும் ‘இன்சர்ட்’ வாக்கியம் ஒன்று வரும்படி மாற்றி, எழுத்துகளை எண்களாக்கும் முறைகளில் ஒன்றான யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்து அனுப்பினேன். கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து அவர் அடிக்க வேண்டியது ஒரே ஒரு வரி. அடித்தார். பிழைச் செய்திகள் திரை நிரம்பி மேலே ஓடின. ஒரு வாக்கியம் தவறினாலும் நின்றுவிடாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போவது பிஎஸ்கியூஎல்லின் இயல்பு. நிற்கச் சொல்லி வைத்தால்தான் நிற்கும். ஆகவே தவறியவை தவற, ஏறியவை ஏறி, கடைசியில் 151 பேர் உள்ளே இருந்தார்கள்.

முதலில் அந்த 151 பேரும் அவர் திரையில் கிரேக்க எழுத்துகளும் கட்டக் கோடுகளும் கலந்த குப்பையாகத்தான் தெரிந்தார்கள். அது எனக்குப் புதிதல்ல. கறுப்புத் திரையின் கோட் பேஜை, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியலை, 65001 ஆக மாற்றச் சொன்னேன். அது யுடிஎஃப்-8க்கு விண்டோஸ் வைத்திருக்கும் எண். மாற்றியதும் தமிழ் தெரிந்தது. கால் ஓரிடத்திலும் கொம்பு ஓரிடத்திலுமாகக் கொஞ்சம் பிரிந்து நின்றாலும் படிக்க முடிந்தது. பிஎஸ்கியூஎல் உள்ளே நுழையும்போதெல்லாம் ஓர் எச்சரிக்கை காட்டிக்கொண்டிருந்தது: திரையின் கோட் பேஜ் 437, விண்டோஸின் கோட் பேஜ் 1252, இரண்டும் வெவ்வேறாக இருப்பதால் சில எழுத்துகள் சரியாக வராமல் போகலாம் என்று. 65001க்கு மாற்றிய பிறகும் அந்த எச்சரிக்கை போகவில்லை. 437 இருந்த இடத்தில் 65001 வந்தது, 1252 அப்படியே இருந்தது. “அது கிடக்கட்டும்ணே, விட்டுடுங்க” என்றேன். அவர் அனுப்பிய படத்தில் இன்னொன்றும் இருந்தது. பெயர்களுக்கும் தேதிகளுக்கும் நடுவே செங்குத்தாக இறங்க வேண்டிய கோடு, பெயருக்குப் பெயர் இடம் மாறிக் கோணல்மாணலாக இறங்கியிருந்தது. அதையும் நான் பொருட்படுத்தவில்லை. நடந்தது முழுவதும் அந்தப் படத்திலேயே இருந்தது என்று பின்னால்தான் புரிந்தது.

புள்ளியும் கொம்பும்

ஆண், பெண் என்ற கணக்கு பட்டியலைப் பார்த்ததுமே உடைந்துபோனது. ரவி ஏறியிருந்தார், மணி ஏறியிருந்தார், பாலாஜியும் ஏறியிருந்தார். லட்சுமி ஏறவில்லை, செல்வி ஏறவில்லை. ஆனாலும் அண்ணன் கண் வைத்த இடம் சரியான இடம்தான். தமிழில் ஆண் பெயர்கள் பெரும்பாலும் ‘ன்’ என்றோ ‘ம்’ என்றோ ‘ர்’ என்றோ முடிகின்றன. மீனா, லதா, பவானி, கீதா எல்லாம் உயிரோசையில் முடிகின்றன. லட்சுமிக்கும் செல்விக்கும் நடுவில் மெய்யெழுத்து இருக்கிறது, ரவிக்கு எங்கேயும் இல்லை. அப்படியானால் தகராறு புள்ளியில் என்று முடிவு செய்தேன். புள்ளி வைத்த எழுத்தை விண்டோஸில் ஓடும் பிஎஸ்கியூஎல் ஏற்பதில்லை. வேடிக்கையான பிழை, ஆனால் ஒரு பிழைக்கு வேண்டிய ஒழுங்கு அதில் இருந்தது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதியைக் குலைத்தவர்கள் இரண்டு கமலாக்கள். பட்டியலில் சி. கமலா என்று ஒருவரும் மு. கமலா என்று ஒருவரும் இருந்தார்கள். சி. கமலா ஏறியிருந்தார், மு. கமலா ஏறவில்லை. இரண்டு பெயரிலும் புள்ளி வைத்த மெய் ஒன்றுகூட இல்லை. முன்னெழுத்துக்குப் பின்னால் இருப்பது சாதாரண முற்றுப்புள்ளி, அது இருவருக்கும் பொது. ஆக மிஞ்சுவது சி, மு என்ற வேறுபாடு மட்டும்தான். சகரத்துக்கும் மகரத்துக்கும் நடுவே கணினிக்கு என்ன பேதம் இருக்க முடியும்? மகரம் கமலாவுக்குள்ளேயே இருக்கிறதே. வேறுபாடு இகரக் குறியிலும் உகரக் குறியிலும்தான் இருக்க வேண்டும். ஏறாதவர்கள் பட்டியலை மறுபடி எடுத்தேன். புள்ளி இல்லாமலும் ஏறாதவர்கள் எல்லோர் பெயரிலும் எங்கோ ஓர் உகரம் இருந்தது, ஒரு சிலரைத் தவிர. அந்தச் சிலரின் பெயர்கள் ‘ஏ’ என்றோ ‘ஐ’ என்றோ தொடங்கின.

முதல் நாளே அண்ணன் பிழைச் செய்தியைத் தொலைபேசியில் படித்துக் காட்டியிருந்தார். “சில இடத்துல எட்டு டின்னு இருக்கு, சில இடத்துல எட்டு ஒண்ணுன்னு இருக்கு” என்றார். காதில் வாங்கியவன் மனத்தில் வாங்கவில்லை. இப்போது அந்த எண்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத்தோ காலோ கொம்போ புள்ளியோ, ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகள், அதாவது 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள். ‘க’ என்றால் 224, 174, 149. புள்ளி என்றால் 224, 175, 141. உகரக் குறி 224, 175, 129. ‘ஏ’ 224, 174, 143. ‘ஐ’ 224, 174, 144. அண்ணன் படித்த ‘எட்டு டி’ என்பது பதினாறை அடியாகக் கொண்ட எண், நம் கணக்கில் 141, ‘எட்டு ஒண்ணு’ என்பது 129. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக விண்டோஸ் வகுத்த 1252 என்ற கோட் பேஜில் ஐந்து இடங்கள் காலி. அவற்றுக்கு எந்த எழுத்தும் ஒதுக்கப்படவில்லை. அந்த ஐந்து: 129, 141, 143, 144, 157. கடைசி எண்ணில் முடியும் தமிழ்க் குறி உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யுனிகோட் அட்டவணையில் இல்லை. மற்ற நான்கில் முடிபவை, ஓம் என்ற தனிக் குறியை விட்டால், உகரமும் புள்ளியும் ஏகாரமும் ஐகாரமும்தான்.

அதாவது, என் கோப்பு யுடிஎஃப்-8இல் இருக்கிறது என்பதை பிஎஸ்கியூஎல் அறியவே இல்லை. அது 1252இல் இருக்கிறது என்று தானாக எண்ணிக்கொண்டு, “இந்தப் பயனர் 1252இல் பேசுகிறார், மாற்றி எடுத்துக்கொள்” என்று, தரவைக் காத்து வைக்கும் போஸ்ட்கிரெஸ் சர்வரிடம் சொல்லிவிட்டது. சர்வர் ஒவ்வொரு பைட்டாக எடுத்து மாற்றியது. காலி இடத்தில் வந்து விழுந்த பைட்டைக் கண்டதும் வாக்கியத்தையே தள்ளிவிட்டது. ‘முருகன்’ ஏறாமல் போனது அப்படித்தான். பதிவேட்டிலிருந்து முகவரியையும் சேர்த்து எடுத்திருந்தால் அநேகமாக ஒருவர்கூட ஏறியிருக்க மாட்டார்கள். ‘தெரு’ என்ற சொல்லிலேயே உகரம் இருக்கிறது. அப்படி நடந்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

காரணம், ஏறாத 489 பேருக்கு உண்மையில் எந்தத் தீங்கும் நேரவில்லை. அவர்கள் வாசலிலேயே சத்தத்தோடு நிறுத்தப்பட்டவர்கள். அவர்களை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். உள்ளே போன 151 பேர்தான் சேதமானவர்கள். சி. கமலாவின் முதல் ‘க’ மூன்று பைட்டு என்பதால் மூன்று தனி எழுத்துகளாக உள்ளே போயிருந்தது: தலையில் சாய்கோடு சூடிய சின்ன ஆங்கில ஏ, வணிகக் குறிக்குப் பக்கத்தில் போடுவார்களே அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஆர், அப்புறம் ஒரு தடித்த கரும்புள்ளி. ‘கமலா’ யுனிகோடில் நான்கு குறிகள். தரவுத்தளத்தில் அது பன்னிரண்டாக உட்கார்ந்திருந்தது. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. ‘இன்சர்ட்’ வெற்றி என்றே சொன்னது.

சரி, அப்படியானால் அண்ணன் திரையில் கமலா கமலாவாகவே தெரிந்தது எப்படி? போகும்போது 1252 என்று நினைத்து மாற்றிய அதே மாற்றம், திரும்பி வரும்போது தலைகீழாக நடந்தது. சாய்கோடு ஏ 224 ஆனது, வட்ட ஆர் 174 ஆனது, கரும்புள்ளி 149 ஆனது. மூன்றையும் 65001 திரையில் கொட்டினால் அழகாக ‘க’ என்று தெரிந்துவிடும். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடையைக் காட்டுகின்றன. கோணலாக இறங்கிய அந்தக் கோட்டுக்கும் விடை இதிலேயே இருந்தது. கமலாவுக்குப் பன்னிரண்டு எழுத்து இடம் ஒதுக்கிக் கோடு போட்டது கருவி, திரையில் மூன்று நான்கு இடமே நிரம்பியது. அதே கணினியில், அதே மேசையில், போஸ்ட்கிரெஸ்ஸோடு சேர்ந்து வரும் பிஜிஅட்மின் என்ற, தரவைக் காட்டும் இன்னொரு கருவியைத் திறக்கச் சொன்னேன். “என்ன தம்பி இது, பிரெஞ்சுக்காரன் பேரு மாதிரி இருக்கு” என்றார். எழுத்துரு இறக்கினால்தான் தமிழ் தெரியும் என்றிருந்த காலத்தில் இணையத்துக்கு வந்தவர்களுக்கு இந்தச் சாய்கோட்டு எழுத்துகள் பழைய நண்பர்கள். ஆனால் அன்று அவை தவறாகத் தெரிந்தவை, இன்று தவறாகவே சேமிக்கப்பட்டவை.

பதிவுக் கோப்பு கேட்ட நாள்

இத்தனையும் புரிந்த பிறகும், கருவி ஏன் 1252 என்று எண்ணிக்கொண்டது என்பது எனக்குத் தெரியாது. சர்வரின் குறியாக்கம் யுடிஎஃப்-8. வேறு ஏதும் சொல்லாவிட்டால் சர்வரின் குறியாக்கத்தையே பின்பற்றும் என்றுதான் நான் நெடுங்காலமாக நம்பியிருந்தேன். எல்லாப் பிழைகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்று நினைத்து, அட்டவணையைக் காலி செய்துவிட்டு, அதே கட்டளையின் கடைசியில் பெரிதுக்குறி (>) போட்டு, பிழைச் செய்திகளும் சேர வெளியீடு முழுவதையும் ஒரு கோப்பில் எழுதும்படி செய்து, அந்தக் கோப்பை எனக்கு அனுப்பச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வந்தது. திறந்தேன். ஒரு பிழைகூட இல்லை. 640 வரிகளிலும் வெற்றி.

வேறு கோப்பை ஓட்டிவிட்டாரா என்று கேட்டேன். இல்லை என்றார், கொஞ்சம் கோபமாகவே. மறுபடி காலி செய்து, பெரிதுக்குறி இல்லாமல் ஓட்டச் சொன்னேன். 151. மறுபடி காலி செய்து, பெரிதுக்குறியோடு. 640. மாற்றி மாற்றி நான்கு முறை. பிழையைப் பிடித்து வைக்கப் பாத்திரம் நீட்டினால் பிழை வராது, பாத்திரத்தை எடுத்துவிட்டால் வந்துவிடும். என் தொழிலில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. உபுண்டு ஒரு மாதிரி, விண்டோஸ் ஒரு மாதிரி என்று நான் போட்டிருந்த கணக்கும் அங்கேயே உடைந்துபோனது. இயங்குதளம் மாறவில்லை, கருவி மாறவில்லை, கோப்பு மாறவில்லை. வெளியீடு எங்கே போகிறது என்பது மட்டும் மாறியது. அதனால் உள்ளே போகும் எழுத்து மாறியது.

இதைவிட நெருடியது அடுத்து நடந்ததுதான். 640 பேரும் சரியாக ஏறிய நிலையில் அண்ணனைப் பட்டியலைத் திறந்து பார்க்கச் சொன்னேன். பெயர்கள் வரவில்லை. ஒற்றைப் பிழைச் செய்தி மட்டும் வந்தது. உள்ளே இப்போது உண்மையான ‘க’ இருக்கிறது; அதை 1252க்கு மாற்றித் தரச் சொல்கிறது கருவி; 1252இல் ‘க’ என்ற எழுத்தே கிடையாது; ஆகவே ஒரு பெயரைக்கூடத் தர முடியாது என்று சர்வர் கைவிரித்துவிட்டது. அண்ணன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “முதல்ல இருந்ததே தேவலை தம்பி. பாதிப் பேரையாவது பாக்க முடிஞ்சுது.” தரவு பாழாகியிருந்தபோது அவருக்குத் தெரிந்தது, செம்மையானதும் தெரியாமல் போயிற்று. அவர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால், நான் வேலை செய்துகொண்டிருந்ததை மேலும் கெடுத்தவன். அந்த வாக்கியத்துக்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

அன்று மாலைதான் பிஎஸ்கியூஎல்லின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். தினமும் பயன்படுத்தும் கருவியின் கையேட்டை யார் முழுதாகப் படிக்கிறார்கள்? விடை அங்கே ஒளிவுமறைவு இல்லாமல் இருந்தது. உள்ளீடும் வெளியீடும் இரண்டுமே டெர்மினலாக, அதாவது விசைப்பலகையும் கறுப்புத் திரையுமாக, இருந்தால், கருவி இயங்குதளத்தின் மொழி அமைப்பைப் பார்த்துக் குறியாக்கத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். இரண்டில் ஒன்று டெர்மினலாக இல்லாவிட்டால் ஊகிக்காது, சர்வரின் வழக்கப்படியே போகும். பெரிதுக்குறி போட்டதும் வெளியீடு கோப்பாகிவிட்டது, அதனால் ஊகம் நின்றது, தமிழ் பிழைத்தது. என் உபுண்டுவிலும் அதே ஊகம் நடந்துகொண்டுதான் இருந்தது. அங்கே மொழி அமைப்பு யுடிஎஃப்-8 என்பதால் ஊகம் எப்போதும் சரியாக விழுந்தது, அது ஊகம் என்பதே எனக்குத் தெரியவில்லை. மேக் வைத்திருப்பவருக்கும் இதே கதைதான். கருவி மூன்று இயங்குதளங்களிலும் ஒரே விதியைத்தான் பின்பற்றியது.

யார் சொன்னார்கள் ஊகிக்கச் சொல்லி

இந்த ஊகம் 2011இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 9.1இல் சேர்க்கப்பட்டது. அதற்கான காரணமும் நியாயமானது. போஸ்ட்கிரெஸ்ஸில் என்னைவிட ஆழமாகப் புழங்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவர் கேட்டார்: பாரிஸில் ஒருவர் 1252 அமைந்த கணினியில் உட்கார்ந்து, தன் பெயரில் உள்ள சாய்கோட்டு எழுத்தைக் கறுப்புத் திரையில் தட்டச்சு செய்கிறார்; விசைப்பலகையிலிருந்து வரும் பைட் 1252இன் பைட்; அதை யுடிஎஃப்-8 என்று எண்ணிக்கொண்டு அனுப்பினால் அவருடைய பெயர் அல்லவா தவறும்? தன் எதிரில் இருக்கும் திரை எந்த மொழி பேசுகிறதோ அதைக் கேட்டு அதன்படி நடப்பதுதானே மரியாதை? உன் கணினியில் 1252 என்று எழுதி வைத்துவிட்டு, கருவி அதை நம்பியது என்று கருவியைக் குறை சொல்வாயா?

அவர் சொன்னதில் முக்கால் பங்கை ஏற்றுக்கொள்கிறேன். விசைப்பலகையிலிருந்து வரும் எழுத்துக்கு அது மரியாதைதான். ஆனால் அண்ணன் எதையும் தட்டச்சு செய்யவில்லை. அவர் ஒரு கோப்பைக் கொடுத்தார். கோப்பின் பெயரைக் கட்டளையில் கொடுத்தால், உள்ளீடு என்ற வாசல் இன்னும் விசைப்பலகையோடு இணைந்தபடியேதான் இருக்கும். படிக்கப்படும் எழுத்து மட்டும் கோப்பிலிருந்து வரும். கருவி வாசலைப் பார்த்தது. அங்கே டெர்மினல் இருந்தது. திரையின் மொழியைக் கேட்டுக்கொண்டு, வேறு ஊரில், வேறு கணினியில், வேறொருவன் எழுதிய கோப்புக்கு அதைப் பொருத்தியது. அதே கோப்பைச் சிறிதுக்குறி (<) போட்டு உள்ளீட்டு வாசல் வழியாகவே கொடுத்திருந்தால் ஊகம் நின்றிருக்கும், எல்லோரும் சரியாக ஏறியிருப்பார்கள். கோப்பைக் கொடுக்கும் இரண்டு வழிகள், இரண்டு விளைவுகள். இதில் நான் நண்பரோடு ஒத்துப்போகவில்லை; அவரும் என்னோடு ஒத்துப்போகவில்லை. கையேட்டில் எழுதியிருக்கிறதே என்பது அவர் வாதம். கையேட்டில் எழுதியிருப்பதால் சி. கமலா பிழைத்துவிடவில்லை என்பது என் வாதம்.

என் பக்கத்துக்கு ஒரு சாட்சி உண்டு, அதுவும் அதே வீட்டுக்குள்ளிருந்து. தரவுத்தளத்தை நகல் எடுக்கும் பிஜிடம்ப் என்ற கருவி பிஎஸ்கியூஎல்லோடு கூடப் பிறந்தது. அது எழுதித் தரும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும், ஒரு அட்டவணைகூட வருவதற்கு முன்பே, இந்தக் கோப்பின் குறியாக்கம் இன்னது என்று ஒரு வரி இருக்கும். நூற்றுக்கணக்கான முறை அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். சடங்கு என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். தம்பி ஊகிப்பான் என்று தெரிந்துதான் அண்ணன்காரன் முதல் வரியிலேயே சொல்லி வைக்கிறான் என்பது இப்போதுதான் உறைத்தது. பிஜிடம்ப் எழுதிய கோப்பு எந்தக் கணினியில் ஓட்டினாலும் தமிழைச் சிதைப்பதில்லை. நான் கையால் தயாரித்த கோப்பு சிதைக்கும். மற்ற இடங்களிலும் இந்த ஊகத்தின் மீது நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஜாவா என்ற நிரல்மொழி 2022இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்து, எந்த இயங்குதளமானாலும் யுடிஎஃப்-8தான் இயல்பு என்று வைத்துக்கொண்டது. பைத்தான் என்ற நிரல்மொழியும் 3.15ஆம் பதிப்பில் அப்படியே செய்வதாகத் தீர்மானித்திருக்கிறது.

நான் வேண்டுவது அவ்வளவுகூட இல்லை. ஊகித்துக்கொள்ளட்டும், ஊகித்ததைச் சொல்லட்டும். “உங்கள் கோப்பை 1252 என்று எடுத்துக்கொள்கிறேன்” என்று ஒரு வரி வந்திருந்தால் முதல் நாளே அண்ணன் அதைப் படித்துக் காட்டியிருப்பார், நானும் விழித்துக்கொண்டிருப்பேன். உள்ளே நுழையும்போது வரும் அந்த எச்சரிக்கை கோப்பை ஓட்டும்போது வராது. வந்தபோதும் அது திரையைப் பற்றியே பேசியது, என் எழுத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்த எச்சரிக்கையை விட்டுவிடச் சொன்னவன் நானே என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சரிசெய்தது சுலபமாக முடிந்தது. கோப்பின் தலையில் பிஜிடம்ப் எழுதுவது போலவே குறியாக்கத்தைச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தேன். அண்ணன் கணினியில், பிஎஸ்கியூஎல் ஊகிப்பதற்கு முன் பார்க்கும் சூழல் மாறி (இயங்குதளத்தில் சேமித்து வைக்கும் அமைப்பு) ஒன்றை யுடிஎஃப்-8 என்று நிரந்தரமாக வைத்தோம். அட்டவணையைக் காலி செய்து மறுபடி ஏற்றினார். 640. பட்டியலைத் திறந்தார். கோடு ஏறக்குறைய நேராக இறங்கியது. “ஏழுமலை வந்துட்டாரு, ரெண்டு கமலாவும் வந்துட்டாங்க” என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒற்றை வரியை ஒரு தாளில் எழுதி, கணினிக்கு மேலே சுவரில் ஒட்டி, ‘முதல் வரியை அழிக்கக் கூடாது’ என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்.

அதற்கு அடுத்த வாரம் என் கணினியில் பழைய கோப்புகளைத் தேடினேன். இப்படி நான் தயாரித்துக் கொடுத்த தமிழ்ப் பட்டியல்கள் பதினொன்று இருந்தன. ஒன்றிலும் அந்த முதல் வரி இல்லை. எல்லாவற்றையும் அனுப்புவதற்கு முன் என் உபுண்டுவில் ஓட்டிப் பார்த்து, பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் அனுப்பியிருந்தேன். யார் யார் விண்டோஸில் ஓட்டினார்கள் என்று எனக்கு நினைவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் செய்து கொடுத்த பட்டியல் நினைவுக்கு வந்தது. அங்கே அப்போது இருந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அந்த லிஸ்ட்டா சார்? நல்லாத்தான் இருந்துச்சு. நிறைய பேரு விட்டுப்போயிருந்தாங்க, அதை நாங்களே கையால போட்டுக்கிட்டோம்” என்றார்.

“விட்டுப்போனவங்களை விடுங்க. முதல்லயே ஏறியிருந்தவங்க பேரெல்லாம் இப்ப எப்படித் தெரியுது?” என்று கேட்டேன்.

அவர் அங்கிருந்து மாறி இரண்டு வருடம் ஆகிவிட்டதாம்.